மெய்நிகர் வட்டுக்குச் சொந்தக் கெர்னல் டிரைவர் தேவைதானா?

ஒரு சர்வரின் 500 ஜிபி வட்டு முழுவதும் பேக்கப் எடுக்கப்பட்டு, 4 எம்பி துண்டுகளாக நறுக்கப்பட்டு, தொலைவிலுள்ள ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (இணையம் வழியே அணுகும் சேமிப்பகத்தில்) கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வருக்கு உரியவர் கூப்பிட்டு, சென்ற மாதக் கணக்குக் கோப்பு ஒன்று மட்டும் உடனே வேண்டும் என்கிறார். கோப்பின் அளவு 40 எம்பி. அதற்காக 500 ஜிபியையும் இறக்குவதென்றால், 1 ஜிகாபிட் இணைப்பு வினாடிக்கு 125 எம்பி என்ற முழு வேகத்தில் ஓடினாலும் 4,000 வினாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பேக்கப்பையே லினக்ஸ் கணினியில் ஒரு வட்டாகக் காட்டி, மவுண்ட் செய்து (அதன் கோப்புகள் தெரியும்படி இணைத்து), கோப்பு முறைமை கேட்கும் துண்டுகளை மட்டும் அப்போதைக்கப்போது வரவழைத்தால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இப்படியொரு வசதியைக் கட்டத் தொடங்கும் குழுவில் முதல் நாளே எழும் யோசனை, இதற்கென்று கெர்னல் டிரைவர் ஒன்றை, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல் ஒன்றை, நாமே எழுதிவிடலாம் என்பதுதான். ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஏன் விலகினேன் என்பதையும், இருக்கும் மற்ற வழிகளில் எது எதற்குப் பொருந்தும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

கெர்னலின் கணக்கில் வட்டு என்பது 0 முதல் எண்ணிடப்பட்ட 512 பைட் செக்டர்களின் நீண்ட வரிசை, அவ்வளவுதான். இந்தச் செக்டரிலிருந்து இத்தனை செக்டர்களைப் படி, இங்கே எழுது, இதுவரை எழுதியதெல்லாம் மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் சேர்ந்துவிட்டது என்று உறுதி சொல், இந்தப் பகுதி இனி வேண்டாம் என்ற நான்கைந்து வகைக் கோரிக்கைகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் எதையும் அது வட்டு என்றே ஏற்றுக்கொள்ளும். ஆகவே, பதில் சொல்லும் நிரல் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதுதான் நாம் முடிவெடுக்க வேண்டிய விஷயம்: கெர்னலுக்குள்ளேயா, வெளியே, வழக்கமான நிரல்கள் ஓடும் பயனர் வெளியில் ஒரு சாதாரணப் புரோசஸாகவா?

சொந்த டிரைவர் தொடக்கத்தில் எளிதாகத்தான் தெரியும். நினைவகத்தில் சில நூறு எம்பியை ஒதுக்கி அதையே வட்டாகக் காட்டும் மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் நிரலை) இருநூறு, முந்நூறு வரிகளில் எழுதிவிடலாம். ஒரு மாலை நேரத்தில் அதன்மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை அமைத்து, மவுண்ட் செய்து, கோப்பை நகலெடுத்துப் பார்க்கவும் முடியும். அந்த மாலையின் மகிழ்ச்சிதான் பலரை ஏமாற்றுகிறது. இப்போதைய பிளாக் அடுக்கில் (வட்டு வேலைகளைக் கையாளும் கெர்னல் பகுதியில்) கோரிக்கைகள் பல வரிசைகளாக வந்து, டிரைவரின் க்யூ_ஆர்க்யூ என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இயல்பாக அந்த ஃபங்ஷன் எதற்காகவும் தூங்கிக் காத்திருக்கக் கூடாது. நான் எழுதிய மாட்யூல் ஒன்றில் அதற்குள், கிடைக்கும்வரை தூங்க வைக்கும் ஒரு மியூடெக்ஸ் பூட்டைப் போட்டிருந்தேன். காத்திருக்க நேரிடும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் பிஎல்கே_எம்க்யூ_எஃப்_பிளாக்கிங் கொடியை வைக்க மறந்திருந்தேன். வழக்கமான கெர்னலில் அது வாரக்கணக்கில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. பிழை கண்டறியும் அமைப்புகளை இயக்கிக் கட்டிய கெர்னலில் ஏற்றியவுடனேயே, தூங்கக் கூடாத இடத்தில் தூங்கும் ஃபங்ஷன் அழைக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை லாகை நிரப்பியது. பயனர் வெளியில் இதே அளவு அலட்சியம் ஒரு புரோசஸை மெதுவாக்கியிருக்கும். கெர்னலுக்குள் அது என்றைக்கு, எந்த வாடிக்கையாளர் கணினியில் முழு இயந்திரத்தையும் முடக்கும் என்று சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியிருந்தது.

எழுதி முடித்த பிறகும் செலவு நிற்பதில்லை. கெர்னல் தன் உள் இடைமுகங்களை மாற்றாமல் வைத்திருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. 2019இல் வந்த 5.0 பதிப்பில் பழைய ஒற்றை வரிசை முறை அடியோடு நீக்கப்பட்டபோது, அந்த முறைக்குரிய பிஎல்கே_இனிட்_க்யூ ஃபங்ஷனை நம்பியிருந்த வெளி டிரைவர்கள் கம்பைல் ஆகாமல் போயின. 2021இல் 5.14 பதிப்பு வட்டை உருவாக்க பிஎல்கே_எம்க்யூ_அல்லாக்_டிஸ்க் என்ற புதிய வழியைத் தந்தது. அதே ஃபங்ஷன் 2024இல் 6.9 பதிப்பிலிருந்து கூடுதலாக ஓர் ஆர்கியுமென்ட் கேட்கிறது. கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவர்களே திருத்திவிடுவார்கள். வெளியே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் தாங்களே ஓட வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே தொடங்கும் முறை) இயங்கும் கணினிகளில் கையொப்பமிடாத மாட்யூல் ஏறாது என்பதால், நம் சாவியை ஒவ்வொரு கணினியிலும் பதிய வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்ளும். அதைச் செய்யச் சொல்லி வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவிடம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று தெரிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும், நம் தேவைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. துண்டுகளை வரவழைக்க எச்டிடிபிஎஸ் பேச வேண்டும். சான்றிதழ் சரிபார்க்க வேண்டும். காலாவதியாகும் டோக்கனைப் புதுப்பிக்க வேண்டும். தோல்வியுற்றால் இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும். எக்ஸ்86-64 கணினிகளில் 16 கேபி மட்டுமே ஸ்டாக் (தற்காலிக நினைவிடம்) உள்ள கெர்னல் இழைக்குள் இதையெல்லாம் எழுத யாரும் துணிய மாட்டார்கள். எனவே டிரைவர் எழுதியவர்களும் கடைசியில் துணைக்கு ஒரு பயனர் வெளிப் புரோசஸை வைத்து, கோரிக்கையை அதற்கு அனுப்பிப் பதிலை வாங்கிக்கொள்ளும் ஒரு நெறிமுறையைத் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால், லினக்ஸில் 1997 முதல் இருக்கும் ஒன்றைத்தான் (பின்னால் வரும் என்பிடியை) இன்னொரு முறை, குறைந்த சோதனையோடு, எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

சொந்த டிரைவருக்காகச் சொல்லப்படும் வலுவான வாதம் வேகம். அதையும் எடைபோட்டுப் பார்ப்போம். கெர்னலிலிருந்து பயனர் வெளிப் புரோசஸுக்குப் போய்த் திரும்பும் செலவு மைக்ரோவினாடிகளில் எண்ணப்படும். தொலைவிலிருந்து 4 எம்பி துண்டு ஒன்று வந்து சேர ஆகும் நேரமோ பல பத்து மில்லிவினாடிகள். 125 எம்பி வேகத்தில் அந்தத் துண்டு கம்பியில் பயணம் செய்யவே 32 மில்லிவினாடிகள் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத மிச்சத்துக்காகக் கெர்னலுக்குள் குடியேறுவது வீண். தரவு நினைவகத்திலோ அதிவேக என்விஎம்இ வட்டிலோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே ஒவ்வொரு மைக்ரோவினாடியும் பொருட்டு. நினைவகத்தையே சுருக்கி ஸ்வாப் வட்டாக (நினைவகம் நிரம்பும்போது தரவைத் தள்ளிவைக்கும் இடமாக)த் தரும் இசட்ராம், 2014இல் 3.14 பதிப்பில் முழு உறுப்பாகச் சேர்ந்தது. அது கெர்னலுக்குள் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. நினைவகம் தீர்ந்துபோகும் நேரத்தில் வேலை செய்ய வேண்டிய ஒன்று, வேறொரு புரோசஸின் தயவை எதிர்பார்த்து நிற்க முடியாது.

இருக்கும் வழிகளில் எல்லோருக்கும் தெரிந்தது லூப். ஒரு கோப்பையே வட்டாகக் காட்டும் இது, படிமம் (வட்டின் நகல்) முழுவதும் உள்ளூர்க் கோப்பாகக் கைவசம் இருந்தால் போதுமானது. அந்த நிலையில் வேறெதையும் தேட வேண்டியதில்லை. கோப்பின்மேல் வட்டு, வட்டின்மேல் கோப்பு முறைமை என்று அடுக்கும்போது ஒரே தரவு இரண்டு இடங்களில் கேஷ் ஆகி (தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டு) நினைவகத்தை விழுங்கும். டைரக்ட் ஐஓ விருப்பத்தை இயக்கினால் அது தவிரும். நம் துண்டுகள் கோப்பாக இல்லை என்பதால் லூப் நேரடியாகப் பொருந்தாது. பயனர் வெளியிலேயே கோப்பு முறைமை எழுத உதவும் ஃபியூஸ் மூலம் துண்டுகளையெல்லாம் ஒரே பெரிய கோப்புபோலக் காட்டி, அதன்மேல் லூப்பை வைப்பவர்கள் உண்டு. அது ஓடும், ஆனால் ஒவ்வொரு கோரிக்கையும் இரண்டு கோப்பு முறைமைகளைக் கடந்து வருவதால், கோளாறு வரும்போது எந்த அடுக்கில் என்று தேடுவது பெரும்பாடு.

கெர்னலிலேயே உள்ள டிவைஸ் மேப்பரை இதற்குப் போட்டியாக வைப்பதைவிட, கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய கருவி என்று சொல்வேன். அது புதிதாகத் தரவு எதையும் உண்டாக்குவதில்லை; ஒரு வட்டின் செக்டர் எண்களை இன்னொரு வட்டின் செக்டர் எண்களோடு பொருத்துகிறது. தொடக்கம் 0, நீளம் 2097152, வகை லீனியர், மூலவட்டு இது, அதில் தொடங்கும் இடம் 2048 என்று ஒரே வரியில் ஓர் அட்டவணையைக் கொடுத்தால், மூலவட்டின் அந்த இடத்திலிருந்து சரியாக 1 ஜிபி அளவுள்ள தனி வட்டு கிடைத்துவிடும். வெட்டுவது, ஒட்டுவது, குறியாக்கம் செய்வது, ஸ்னாப்ஷாட் (ஒரு கண நிலையின் நகல்) எடுப்பது எல்லாம் ஏற்கெனவே அதில் உண்டு. நம் தேவை உண்மையில் ஒரு வட்டை இன்னொரு வட்டாக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் என்றால், அப்போதும்கூட முழு டிரைவர் வேண்டாம்; டிவைஸ் மேப்பருக்கு ஒரு புதிய வகையைச் சேர்க்கும் சிறு மாட்யூல் போதும். கெர்னல் நிரல் எழுதியே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் காட்டும் வாசல் அதுதான்.

என்பிடி என்று அழைக்கப்படும் நெட்வொர்க் பிளாக் டிவைஸை 1997இல் எழுதியவர் பாவெல் மாஹெக். கெர்னலில் உள்ள சிறு டிரைவர் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு சாக்கெட் (புரோசஸ்களுக்கு இடையிலான தொடர்பு) வழியே வெளியே அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மறுமுனை வேறு கணினியில் இருக்கலாம். அதே கணினியில் யூனிக்ஸ் சாக்கெட்டிலும் இருக்கலாம். மறுமுனையை எழுத என்பிடிகிட் என்ற தயார் சட்டகம் உண்டு. அதில் பைத்தானில் ஒரு செருகல் (பிளகின்) எழுதக் கட்டாயமாக வேண்டியவை மூன்றே ஃபங்ஷன்கள்: திற, அளவைச் சொல், இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் படித்துக் கொடு. நம் 500 ஜிபி பேக்கப்பின் முதல் வடிவத்தை இந்த வழியில் ஒரு நாளுக்குள் மவுண்ட் செய்து பார்க்க முடிந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த முதல் வடிவம் ஆமை வேகத்தில் ஓடியதையும் மறைக்கக் கூடாது. காரணம் பைத்தானும் இல்லை, சாக்கெட்டும் இல்லை. கெர்னல் ஒரு கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, இயல்புநிலை அமைப்பில், 128 கேபி அளவில் முன்கூட்டிக் கேட்டுவைக்கும். ஒரு 4 எம்பி துண்டில் அப்படிப்பட்ட கோரிக்கைகள் 32 அடங்கும். எங்கள் செருகலோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தத் துண்டு முழுவதையும் புதிதாக வரவழைத்து, 128 கேபியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை எறிந்துகொண்டிருந்தது. ஆக, 4 எம்பி படிக்க 128 எம்பி பதிவிறக்கம். கடைசியாக வந்த சில துண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் பத்து வரி நிரலைச் சேர்த்ததும் நிலைமை மாறியது. இதே தவறைக் கெர்னல் டிரைவரில் செய்திருந்தால் அங்கும் அதே ஆமை வேகம்தான் கிடைத்திருக்கும். திருத்த மட்டும் பத்து வரிகள் போதாமல், நினைவக ஒதுக்கீடு, பூட்டு, நெருக்கடியில் கேஷைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வாரம் போயிருக்கும்.

இந்த வரிசையில் இளையது யூபிளாக். மிங் லெய் எழுதி, 2022இல் 6.0 பதிப்பில் சேர்ந்தது. சாக்கெட்டுக்குப் பதிலாக ஐஓ யூரிங் வளையங்களை (கெர்னலும் புரோசஸும் பகிர்ந்துகொள்ளும் வரிசைகளை)ப் பயன்படுத்துகிறது. முந்தைய கோரிக்கையின் முடிவை ஒப்படைப்பதும் அடுத்த கோரிக்கையை வாங்கிக்கொள்வதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடுவதால், உள்ளூர் வேகத்தில் என்பிடியை விட இது மேலானது. பயனர் வெளிப் புரோசஸ் விழுந்துவிட்டால் வட்டை அகற்றாமல் புதிய புரோசஸை இணைத்து விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் இதில் உண்டு. நீண்ட நாள் மவுண்ட் ஆகியிருக்க வேண்டிய வட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கெர்னல் பதிப்பு இடம் கொடுக்க வேண்டும். உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதனுடன் வந்தது 5.15, அதில் யூபிளாக் கிடையாது. நம் கருவி ஓடப்போகும் கணினிகள் நம் கைக்குள் இருந்தால் யூபிளாக்கைத் தயங்காமல் எடுக்கலாம். பிறர் கணினிகளில் ஓட வேண்டுமானால் இன்னும் சில ஆண்டுகள் என்பிடிதான் பாதுகாப்பான தேர்வு. பின்னால் இருப்பது தொலைவுச் சேமிப்பகமாக இருக்கும்வரை இரண்டுக்குமான வேக வேறுபாட்டைப் பயனர் உணரப்போவதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் வட்டு தோன்றியவுடன் ஒரு தடங்கல் காத்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து எடுத்த பேக்கப், மின்சாரம் திடீரென்று போன கணத்தில் வட்டு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) முடிக்கப்படாத எழுத்துகள் மிச்சம் இருக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிப்பதற்கு மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், அது முதலில் அந்த ஜர்னலை ஓட்டிச் சரிசெய்ய முயலும். அதற்கு வட்டில் எழுத வேண்டும். வட்டே படிக்க மட்டும் உரியது என்றால் எழுத அனுமதி இல்லை, தொடர முடியாது என்று மறுத்துவிடும். ஜர்னலை ஓட்டாமல் விடும் நோலோட் விருப்பம் கொடுத்துத் தாண்டலாம், ஆனால் பாதியில் நின்ற கோப்புகளைப் பார்க்க நேரிடும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் இன்னொன்றும் உண்டு: மூல வட்டு அதே கணினியில் மவுண்ட் ஆகியிருந்தால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் நோயுயுஐடி விருப்பம் இல்லாமல் ஏற்காது. சரியான தீர்வு, படிக்க மட்டுமான வட்டின்மேல் எழுத்துகளைத் தாங்கிக்கொள்ளும் தற்காலிக அடுக்கு ஒன்றைப் போடுவது. டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் இதைச் செய்யும். என்பிடிகிட்டின் கவ் (காப்பி ஆன் ரைட்) வடிகட்டியும் செய்யும், அது எழுத்துகளைத் தற்காலிகக் கோப்பில் வைத்திருந்து வேலை முடிந்ததும் எறிந்துவிடும். சொந்த டிரைவரில் இந்த அடுக்கையும் நாமே எழுத வேண்டியிருந்திருக்கும்.

பயனர் வெளி வழிகளுக்கு எதிராக நேர்மையாக வைக்க வேண்டிய குறை ஒன்று உண்டு; அது எழுதும்போது வருவது. நினைவகம் நெருக்கடியில் இருக்கிறது. இடம் பண்ணுவதற்காகக் கெர்னல், நம் வட்டுக்குப் போக வேண்டிய தரவை வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்தத் தரவை ஏற்றுக்கொள்ள நம் புரோசஸுக்குக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். அது கேட்கிறது; தள்ளி முடிந்தால்தான் தருவேன் என்று கெர்னல் காத்திருக்கிறது; வாங்கினால்தான் தள்ளியதை ஏற்பேன் என்று புரோசஸ் காத்திருக்கிறது. இரண்டும் அப்படியே நின்றுவிடும். 2020இல் 5.6 பதிப்பில் வந்த பிஆர்_செட்_ஐஓ_ஃப்ளஷர் என்ற அமைப்பு, இத்தகைய புரோசஸ் நினைவகம் கேட்கும்போது அந்தக் கோரிக்கை மீண்டும் வட்டெழுத்தைத் தூண்டாமல் பார்த்துக்கொள்கிறது; புரோசஸின் நினைவகம் முழுவதையும் தொடக்கத்திலேயே பூட்டி வைப்பதும் உதவும். இவை ஆபத்தைக் குறைக்கும். புரோசஸ் பயன்படுத்தும் நெட்வொர்க் அடுக்கும் நினைவகம் கேட்கும் என்பதால் முழுவதும் நீக்கிவிடாது. படிப்பதே பிரதானமான நம் பேக்கப் வட்டில் இது அரிதாகவே குறுக்கிடும். ஸ்வாப்பையோ, ஓயாமல் எழுதும் டேட்டாபேஸையோ இப்படிப்பட்ட வட்டில் வைக்க மாட்டேன்.

விண்டோஸில் நிலைமை சுருக்கமானது, ஏனெனில் அங்கே சொந்த டிரைவருக்கான தடை இன்னும் உயரம். 2016இல் வந்த விண்டோஸ் 10 1607 பதிப்பு முதல், புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் தளம் வழியாகவே கையொப்பம் பெற வேண்டும். முழுப் படிமம் கையில் இருந்தால் விண்டோஸே மவுண்ட் செய்யும் விஎச்டிஎக்ஸ் வட்டுக் கோப்பு போதும். பழைய விஎச்டி ஏறக்குறைய 2 டிபியோடு நின்றுவிட, இது 64 டிபி வரை போகும். தரவை நாமே வழங்க வேண்டுமானால், பயனர் வெளி நிரல் ஒன்றை முழு வட்டாகக் காட்டும் வின்எஸ்பிடி போன்ற தயார் டிரைவரைப் பார்க்கலாம். பலரும் அறிந்த இம்டிஸ்க்கிலும் வெளி நிரலிடமிருந்து தரவு வாங்கும் வசதி உண்டு, ஆனால் அது முழு வட்டைக் காட்டாமல் வால்யூமை (கோப்பு முறைமை உள்ள பகுதியை) மட்டும் காட்டுவதால், ஷேடோ காப்பி (விண்டோஸின் ஸ்னாப்ஷாட்) போன்றவை அதில் நடக்காது.

பிறருடைய சர்வர் படிமங்களை மவுண்ட் செய்பவர்கள், வட்டே உருவாக்காத வழியையும் ஒரு முறை யோசிக்க வேண்டும். கோப்பு முறைமையின் உள்கட்டமைப்பைப் படிப்பது கெர்னல் நிரல். வேண்டுமென்றே சிதைத்து வைத்த படிமம் ஒன்று அந்த நிரலின் பிழையைத் தூண்டி, நம் சர்வரையே கைப்பற்ற இடம் உண்டு. லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற கருவி அதே என்பிடி சர்வரோடு பேசி, படிமத்தை ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் வெளியே எடுத்துத் தருகிறது. ஆரம்பிக்கச் சில வினாடிகள் கூடுதலாகப் பிடிக்கும்.

எங்கள் தேர்வு இப்படி முடிந்தது: துண்டுகளை வழங்கும் பகுதி என்பிடிகிட் செருகலாக, துண்டு கேஷோடு, அதன்மேல் கவ் வடிகட்டி, எங்கள் சொந்தச் சர்வர்களின் படிமங்களுக்கு என்பிடி வட்டு வழியே நேரடி மவுண்ட், வெளியாருடையவற்றுக்கு லிப்கெஸ்ட்எஃப்எஸ். முடிவெடுப்பதற்கு முன், வட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே செருகல் புரோசஸை வேண்டுமென்றே கொன்று பார்த்தோம். நகலெடுப்பு ஐஓ பிழையோடு நின்றது. மவுண்டை எடுத்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. கணினியில் மற்ற வேலைகள் ஓடிக்கொண்டே இருந்தன. வாடிக்கையாளர் மவுண்ட் செய்த வட்டில் நாள்கணக்கில் வேலை செய்ய வேண்டும் என்று நாளை கேட்டால், அந்த மறு இணைப்பு தொந்தரவாகிவிடும். அன்றைக்கு அந்தச் சர்வர்களை 6.0க்கு மேற்பட்ட கெர்னலுக்கு ஏற்றி, துண்டுகளை வரவழைக்கும் அதே நிரலை யூபிளாக்கின் பின்னால் மாட்டிக்கொள்வோம்.